சரவாங்கியும் எலும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர் சீட்டில் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்று எழுதுவதைத்தான் ஊர்ப்பக்கம் சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்கிறோம். மூட்டு வீங்கும், வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே நோய் எலும்பையும் கரைக்கிறது என்பதும், அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் சில எலும்பைக் காக்க, ஒன்று மட்டும் எலும்பைத் தின்கிறது என்பதும் பலருக்கு முதல் எலும்பு முறிவுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை இங்கே. அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கு உரியவை. சிறுநீரகம், கல்லீரல், மற்ற மாத்திரைகளைப் பார்த்து உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

என் மூட்டுவலி தேய்மானமா, சரவாங்கியா?

காலையில் எழுந்ததும் கை எவ்வளவு நேரம் மடங்காமல் இருக்கிறது என்று கவனியுங்கள். தேய்மானத்தில் அந்த இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். நடக்க நடக்க, மாடிப்படி ஏற ஏற வலி கூடும். சரவாங்கியில் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். வேலை செய்யச் செய்யச் சற்றுத் தளரும். தோசை மாவு கரைக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, குழாயைத் திருக முடியவில்லை என்று வருபவர்களிடம் முதலில் பார்ப்பது விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டு, விரலின் நடுமூட்டு, மணிக்கட்டு ஆகியவற்றைத்தான். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டைச் சரவாங்கி பெரும்பாலும் தொடுவதில்லை. அங்கே கெட்டியான முடிச்சு இருந்தால் அது தேய்மானமாக இருக்கும்; நகத்தில் குழிகளோடு வீங்கியிருந்தால் சோரியாசிஸ் தொடர்பான வாதத்தை யோசிக்க வேண்டும்.

இரண்டு கைகளிலும் ஒரேபோல வீக்கம், அமுக்கினால் மெத்தென்று இருப்பது, ஆறு வாரத்துக்கு மேல் நீடிப்பது, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. உயர்ந்திருப்பது ஆகியவை சரவாங்கியின் பக்கம் காட்டும். ஒரு விதிவிலக்கைத் தமிழ்நாட்டில் மறக்கக் கூடாது. சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வீக்கம் அச்சு அசலாகச் சரவாங்கி போலவே இருக்கும். சில மாதங்களுக்கு முன் கடும் காய்ச்சல் வந்திருந்தால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. நோய் வந்துவிட்டதா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காசநோய், ஹெப்படைடிஸ்-சி இருப்பவர்களுக்கும், எந்த நோயும் இல்லாத முதியவர்கள் சிலருக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவாக வரும். ஆன்டி-சி.சி.பி. என்ற இன்னொரு பரிசோதனை இதைவிட நம்பகமானது. சரவாங்கி இல்லாதவர்களில் அது பாசிட்டிவாக வருவது மிகக் குறைவு. இரண்டும் நெகட்டிவாக இருந்தும் சரவாங்கி உள்ளவர்கள் உண்டு. வீக்கமே இல்லாமல், வெறும் உடம்பு வலிக்கு ‘பேக்கேஜ்’ பரிசோதனை செய்து அதில் வரும் ஆர்.ஏ. ஃபேக்டருக்கு மருந்து தொடங்குவது தவறு.

மூட்டில் வரும் நோய் எலும்பை எப்படிக் கரைக்கிறது?

கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் கிடைத்த மிக முக்கியமான பதில் இந்தக் கேள்விக்குத்தான்.

எலும்பு உயிருள்ள திசு. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல் பழைய எலும்பை அரித்து எடுக்கும். ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல் அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். இதில் அரிக்கும் செல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் எந்த வெள்ளணு வழியில் பிறக்கிறதோ, அதே வழியில்தான் ஆஸ்டியோகிளாஸ்டும் பிறக்கிறது. அதாவது எலும்பை அரிக்கும் செல், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நெருங்கிய உறவு. அது முதிர்ந்து வேலை தொடங்க ராங்க்-எல் என்ற புரதத்தின் சமிக்ஞை தேவை. அந்தச் சமிக்ஞையைத் தடுக்க உடலே ஆஸ்டியோபுரோட்டெஜரின் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. அது ராங்க்-எல்லைப் பிடித்துக்கொண்டு, போய்ச் சேர வேண்டிய செல்லுக்குப் போகவிடாது. ஆஸ்டியோபுரோட்டெஜரின் 1997-லும், ராங்க்-எல்லின் எலும்பு வேலை 1998-லும் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வுக்குழுக்களால் தெரியவந்தன. அடுத்த ஆண்டே, தூண்டப்பட்ட டி-செல்களும் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) இதே ராங்க்-எல்லைச் சுரந்து எலும்பைக் கரைக்கவைக்கின்றன என்று தெரிந்தது. எலும்பையும் நோய் எதிர்ப்பையும் சேர்த்துப் படிக்கும் ஆஸ்டியோஇம்யூனாலஜி என்ற துறைப்பெயர் 2000-இல் வந்தது.

சரவாங்கியில் மூட்டின் உள்சவ்வு தடித்து, அதில் டி-செல், பி-செல், மேக்ரோஃபேஜ் எல்லாம் குவிகின்றன. அங்கே டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் பெருகி, சவ்வின் செல்களையே ராங்க்-எல் சுரக்கவைக்கின்றன. சவ்வும் எலும்பும் சந்திக்கும் விளிம்பில் ஆஸ்டியோகிளாஸ்ட் கூட்டம் உருவாகி எலும்பைக் குடைகிறது. எக்ஸ்-ரேயில் மூட்டின் ஓரத்தில் கடித்தெடுத்தது போலத் தெரியும் பள்ளம் அதுதான்.

இதை ஐயமில்லாமல் காட்டிய சோதனைகளில் ஒன்று, கியோர்க் ஷெட் உள்ளிட்ட வியன்னா ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்டது. டி.என்.எஃப். மிகுதியாகச் சுரந்து மூட்டு அழியும் சுண்டெலிகளை, ஆஸ்டியோகிளாஸ்டே உருவாக முடியாத சுண்டெலிகளோடு இனச்சேர்க்கை செய்தார்கள். பிறந்தவற்றுக்கு மூட்டு வீக்கம் அப்படியே இருந்தது. எலும்பில் மட்டும் பள்ளம் விழவில்லை. வீக்கம் ஒரு வேலை, எலும்பு அரிப்பு அதன் தூண்டுதலில் நடக்கும் இன்னொரு வேலை என்பது அதில் தெளிவானது. ஷெட் பின்னர் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2007-இல் அவருடைய குழு, டி.என்.எஃப். தூண்டும் டி.கே.கே-1 என்ற புரதம் எலும்பு கட்டும் வேலையையும் நிறுத்திவைக்கிறது என்று காட்டியது. சரவாங்கியில் பள்ளம் விழுவதோடு அது தானாகத் தூர்ந்தும் போகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூட்டோரப் பள்ளம் மட்டுமல்ல, அழற்சிப் புரதங்கள் ரத்தத்தில் சுற்றுவதால் முதுகெலும்பு, இடுப்பெலும்பு என்று உடல் முழுக்கவே எலும்பு அடர்த்தி குறைகிறது. வலிக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைப்பது, மாதவிடாய் நின்றிருப்பது, ஸ்டீராய்டு எடுப்பது எல்லாம் அதன்மேல் சேர்கின்றன.

ஆகவே சரவாங்கி உள்ளவருக்கு எலும்பைக் காக்கும் முதல் மருந்து கால்சியம் மாத்திரை அல்ல. அழற்சியை அடக்கும் மருந்தே முதல் மருந்து.

நோய் வெளியே தெரிவதற்கு முன்பே எலும்பு கரையத் தொடங்குமா?

தொடங்கும். ஆன்டி-சி.சி.பி. பரிசோதனையில் தெரியும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி), முதல் மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் தோன்றலாம். இந்த எதிர்ப்பொருள்கள் ஆஸ்டியோகிளாஸ்ட்டின் மேல் நேரடியாக ஒட்டி அதைத் தூண்டுகின்றன என்று எர்லாங்கன் குழு 2012-இல் காட்டியது. வீக்கமே வராத, ஆனால் எதிர்ப்பொருள் உள்ளவர்களின் விரல் மூட்டு எலும்புகளை நுண்ணிய சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது ஏற்கெனவே எலும்பு குறைந்திருந்ததை 2014-இல் வெளியிட்டார்கள்.

நடைமுறையில் இதன் பொருள்: குடும்பத்தில் சரவாங்கி இருந்து, உங்களுக்கும் ஆன்டி-சி.சி.பி. பாசிட்டிவ் என்றால் சிகரெட், பீடி, புகையிலையை இன்றே விடுங்கள். புகை நுரையீரலில் புரதங்களை மாற்றி இந்த எதிர்ப்பொருள் உருவாக வழி செய்கிறது. ஈறு நோயைப் பல் மருத்துவரிடம் சரிசெய்துகொள்ளுங்கள். முதல் வீக்கம் வந்தால் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். தொடக்க மாதங்களில் சரியான மருந்து தொடங்கியவர்களுக்குக் கிடைக்கும் பலன் பின்னால் அதே மருந்தால் கிடைப்பதில்லை. விழுந்த பள்ளம் பெரும்பாலும் விழுந்ததுதான்.

ஸ்டீராய்டு எடுத்தால் இரண்டே நாளில் நன்றாக இருக்கிறதே, ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்?

அந்த வேகத்தை மருத்துவ உலகம் முதலில் பார்த்தது 1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில். மஞ்சள் காமாலை வந்தாலோ கருவுற்றாலோ சரவாங்கி நோயாளிகளுக்கு வலி குறைவதை ஆண்டுக்கணக்காகக் கவனித்துவந்த ஃபிலிப் ஹென்ச், உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் இதைச் செய்கிறது என்று கருதினார். வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்திருந்த கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட, சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள். நீண்ட நாள் கொடுத்தால் என்னென்ன வரும் என்பதும் வெகு சீக்கிரம் தெரிந்துவிட்டது.

ஸ்டீராய்டு, எலும்பு கட்டும் செல்களைக் குறைக்கிறது. எலும்புக்குள் இருக்கும் ஆஸ்டியோசைட் செல்களைச் சாகடிக்கிறது. குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவதைக் குறைத்து, சிறுநீரில் வெளியேறுவதைக் கூட்டுகிறது. தொடைத் தசையை மெலியவைப்பதால் விழும் வாய்ப்பும் கூடுகிறது. எலும்பு இழப்பு மிக வேகமாக நடப்பது முதல் 3 முதல் 6 மாதங்களில். முதலில் பாதிக்கப்படுவது முதுகெலும்பு. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தினமும் 2.5 மி.கி. அல்லது அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர் யாராக இருந்தாலும் எலும்பு முறிவு அபாயத்தை மதிப்பிட வேண்டும் என்பது அமெரிக்க வாதநோய் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல்.

எத்தனை மி.கி. எடுக்கிறீர்கள் என்பதை மாத்திரையின் பெயரோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமமானவை: மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி., டெஃப்லாசகார்ட் 6 மி.கி., டெக்ஸாமெத்தசோன் சுமார் 0.75 மி.கி. “அரை மில்லிகிராம் சின்ன மாத்திரைதானே” என்று டெக்ஸாமெத்தசோனை நினைப்பவர்கள் உண்மையில் 3 மி.கி.க்கு மேல் பிரெட்னிசோலோன் எடுக்கிறார்கள்.

சரவாங்கியில் ஸ்டீராய்டுக்கு நியாயமான இடம் உண்டு. நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து வேலை தொடங்க 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை வலியைத் தாங்க, குறைந்த அளவில், நிறுத்தும் தேதியைத் திட்டமிட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தேதியை மருத்துவர் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். ஆனால் மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி 5 மி.கி.யைத்தான் மிக மெதுவாகக் குறைக்க வேண்டும். கடும் காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை எதுவானாலும் ஸ்டீராய்டு எடுப்பதை அங்கிருப்பவர்களிடம் சொல்லுங்கள். அந்த நாட்களில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

பெயரில்லாத பொட்டலம் மாத்திரையில் உடனே சரியாகிறது. அதில் என்ன தவறு?

இரண்டு நாளில் வீக்கம் வற்றி, பசி கூடி, முகம் உப்பினால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். என்ன மருந்து, எத்தனை மி.கி. என்று தெரியாததால் குறைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. உள்ளே எலும்பும் மூட்டும் கரைந்துகொண்டிருக்க, வெளியே நலம் போலத் தெரியும். எடுத்துக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் பொட்டலத்தோடு போங்கள். தானாக நிறுத்த வேண்டாம், மேலே சொன்ன அட்ரீனல் ஆபத்து இங்கும் உண்டு.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய் மருந்தாமே? பயமாக இருக்கிறது.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, இது வேறு. ஃபோலிக் அமிலம் போலத் தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் மருந்துக் குடும்பத்தை அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் குடும்பத்தில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். சரவாங்கிக்கு அமெரிக்க அரசின் அனுமதி 1988-இல் கிடைத்தது. இன்றும் உலகம் முழுக்கச் சரவாங்கிக்கு முதல் மருந்து இதுதான்.

இதில் உயிரைப் பறிக்கும் முக்கியத் தவறு: வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தினமும் எடுப்பது. அளவு வாரத்துக்கு 7.5 முதல் 25 மி.கி. வரை. ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, சீட்டில் அந்தக் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதிவாங்குங்கள். கூடவே கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் சின்னதாக, மஞ்சளாகவே இருப்பதுண்டு. இரண்டையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. ஃபோலிக் அமிலம் 5 மி.கி. வழக்கமாக மறுநாள் எடுப்பது. சிலருக்குத் தினமும் 1 மி.கி. கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பவர் வீட்டில் ஒருவராகவே இருப்பது நல்லது. தவறுதலாகத் தினமும் எடுத்துவிட்டால் வாய்ப்புண், தொண்டைப்புண், காய்ச்சல், ரத்த அணு குறைவு என்று போகும். வாய்ப்புண்ணுக்குக் களிம்பு தடவிக்கொண்டு வீட்டில் இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதன் நச்சை முறிக்க ஃபோலினிக் அமிலம் என்ற மருந்து உண்டு, அதைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும்.

தொடங்கும்போதும், அளவைக் கூட்டும்போதும் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் பரிசோதனை. நிலைபெற்றபின் 2, 3 மாதத்துக்கு ஒருமுறை போதும். குமட்டல் இருந்தால் அதே நாளில் 12 மணி நேர இடைவெளியில் பிரித்து எடுக்கலாமா என்று கேளுங்கள். 15 மி.கி.க்கு மேல் போகும்போது மாத்திரையைவிடத் தோலடி ஊசி நன்றாக உட்கிரகிக்கப்படும். கடும் வயிற்றுப்போக்கு அல்லது காய்ச்சல் வந்த வாரம் அந்த வேளையை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேளுங்கள், ஏனெனில் உடலில் நீர் வற்றினால் மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறாமல் தேங்கும். கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை இதோடு சேர்க்கக் கூடாது. மது வேண்டாம்.

வாரம் ஒருமுறை கொடுக்கும் இந்த அளவு எலும்பு அடர்த்தியைக் குறைப்பதாகத் தெரியவில்லை. வெகு சிலருக்குப் பாதம், கணுக்கால் பக்கம் மெல்லிய விரிசல் வரலாம். காரணமில்லாத கணுக்கால் வலி நீடித்தால் சொல்லுங்கள்.

பயாலஜிக் ஊசிக்கு முன் ஏன் காசநோய்ப் பரிசோதனை?

மூட்டழற்சியில் டி.என்.எஃப். நடுநாயகமாக இருப்பதைக் கண்டுபிடித்து, அதைத் தடுக்கும் எதிர்ப்பொருளை 1992-இல் லண்டனில் நோயாளிகளுக்கு முதலில் கொடுத்தவர்கள் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும். இன்ஃப்லிக்ஸிமாப், எடனர்செப்ட், அடலிமுமாப் எல்லாம் அந்த வழியில் வந்த பயாலஜிக் ஊசிகள், அதாவது உயிருள்ள செல்களில் தயாரிக்கும் புரத மருந்துகள். எலும்பில் புதிய பள்ளம் விழுவதை இவை நன்றாகத் தடுக்கின்றன. ஆனால் காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் கட்டியிருக்கும் வேலியைக் காப்பதும் இதே டி.என்.எஃப்.தான். அதைத் தடுத்தால் பல ஆண்டுகளாக உள்ளே உறங்கும் கிருமி எழுந்துவிடும். நம் நாட்டில் அப்படி உறங்கும் கிருமி கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கிறது.

ஆகவே நெஞ்சு எக்ஸ்-ரேயும், மாண்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு மாண்டூ பொய்யாக நெகட்டிவ் காட்டலாம், 5 மி.மீ. தடிப்பையே பாசிட்டிவாக எடுத்துக்கொள்வார்கள். உறங்கும் கிருமி இருந்தால் தடுப்பு மாத்திரையைக் குறைந்தது ஒரு மாதம் எடுத்தபின் ஊசி தொடங்கலாம். நெகட்டிவ் என்று வந்தாலும் ஊசி போடும் காலம் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு எதையும் அலட்சியம் செய்ய வேண்டாம். சரவாங்கிக்குக் கொடுக்கும் டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரைக்கும் இதே பரிசோதனைகள் தேவை. அதில் அக்கி வரும் வாய்ப்பும் கூடுதல். ஐம்பது வயதைக் கடந்து, இதய நோய்க்கான காரணிகள் இருப்பவர்களுக்கு மாரடைப்பு, ரத்தக்கட்டி, புற்றுநோய் அபாயத்தைப் பற்றிப் பேசிய பின்பே தொடங்க வேண்டும்.

டெக்ஸா ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும்? அறிக்கையை எப்படிப் படிப்பது?

டெக்ஸா என்பது எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன். ஸ்டீராய்டு நீண்டநாள் என்றால் தொடங்கிய ஆறு மாதத்துக்குள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், சிறு விழுகையில் எலும்பு முறிந்தவர்களுக்கும் உடனே. கீழ்முதுகும் இடுப்பும் இரண்டும் எடுக்க வேண்டும். கதிர்வீச்சு மிகச் சொற்பம். அன்று கால்சியம் மாத்திரை போடாமல் போங்கள்.

உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினருடையதோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் −1 வரை இயல்பு, −1க்கும் −2.5க்கும் நடுவே அடர்த்திக் குறைவு, −2.5 அல்லது அதற்குக் கீழே எலும்புப்புரை. ஐம்பது வயதுக்குக் கீழே, மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, அதே வயதினரோடு ஒப்பிடும் ஸெட்-ஸ்கோரைப் பார்ப்பார்கள். இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. முதலாவது, வயதானவர்களின் முதுகெலும்பில் வளர்ந்த முள் எலும்பு ஸ்கேனில் அடர்த்தியைக் கூட்டிக்காட்டும். முதுகு நன்றாக இருக்கிறது, இடுப்பு மோசம் என்று வந்தால் இடுப்பை நம்புங்கள். இரண்டாவது, ஸ்டீராய்டு எடுப்பவருக்கு டி-ஸ்கோர் −1.5 இருக்கும்போதே எலும்பு முறியலாம், ஏனெனில் அளவோடு எலும்பின் தரமும் கெட்டிருக்கிறது. ஃப்ராக்ஸ் என்ற முறிவு அபாயக் கணக்கியில் சரவாங்கிக்கும் ஸ்டீராய்டுக்கும் தனித்தனிக் கேள்வி வைத்திருப்பது அதனால்தான்.

முகாம்களில் குதிகாலில் கருவி வைத்துப் பார்க்கும் பரிசோதனையை வைத்து மருந்து தொடங்கவோ, நிம்மதியாக இருக்கவோ கூடாது. மறு ஸ்கேனை ஒன்றிரண்டு ஆண்டில், முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு வலுப்படுமா? எவ்வளவு கால்சியம் வேண்டும்?

சூப்பில் சுவையும் கொஞ்சம் புரதமும் இருக்கிறது. எலும்பிலுள்ள கால்சியம் தண்ணீரில் மிகக் கொஞ்சமே இறங்கும். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் போதும். 200 மி.லி. பாலில் சுமார் 240 மி.கி., 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 175 மி.கி., ஒரு மேசைக்கரண்டி எள்ளில் ஏறக்குறைய 100 மி.கி. முருங்கைக்கீரையும், முள்ளோடு தின்னும் நெத்திலியும் நல்லவை. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் ஒரு கிண்ணம் தயிர், இரவு ஒரு டம்ளர் பால் என்று இருந்தாலே பாதிக்கு மேல் வந்துவிடும். மீதிக்கு மட்டும் மாத்திரை.

கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. மாத்திரையில் உண்மையான கால்சியம் 500 மி.கி. அதைச் சாப்பாட்டோடு எடுங்கள், ஒரு வேளைக்கு 500க்கு மேல் வேண்டாம். பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை தினமும் எடுப்பவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் பொருத்தம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, தயிர் ஆகியவற்றை எல்லோரும் விட வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

வைட்டமின் டி 60,000 யூனிட் எத்தனை நாளுக்கு?

குறைபாடு இருந்தால், அதாவது ஒரு மி.லி. ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், வழக்கமாக வாரம் ஒன்று வீதம் 8 வாரம், பிறகு மாதம் ஒன்று. எண்ணெய், நெய், பால் உள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகச் சேரும். எட்டு வாரச் சீட்டை வைத்து ஆண்டுக்கணக்கில் வாரா வாரம் வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அதிக தாகம், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரும். ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில், முதிய பெண்கள் விழுவதும் எலும்பு முறிவதும் கூடின.

வைட்டமின் டி சரவாங்கியைத் தடுக்குமா? அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில், தினமும் 2000 யூனிட் ஐந்தாண்டு எடுத்தவர்களுக்குத் தன்னுடலைத் தாக்கும் நோய்கள் எல்லாம் சேர்த்து 22 சதவீதம் குறைந்தன. அதே ஆய்வில் எலும்பு முறிவு குறையவில்லை. அவர்கள் பெரும்பாலும் குறைபாடு இல்லாதவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே வந்த சரவாங்கிக்கு இது மருந்தாகாது.

எலும்புக்கான மருந்துகளை எப்படி எடுப்பது?

அலென்ட்ரோனேட் 70 மி.கி., வாரம் ஒன்று. காலையில் காபிக்கு முன், வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். காபியோடு எடுத்தால் உடலில் சேராது. நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும், விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் இது வேண்டாம்.

ஸோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி., ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே, 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்றுவது. முதல் முறை மூன்று நாள்வரை காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாரசிட்டமால் போதும். சிறுநீரகச் செயல்பாட்டையும் வைட்டமின் டி அளவையும் முன்பே பார்த்திருக்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்குத் தொடையிலோ அரையிடுக்கிலோ மந்தமான வலி வந்தால் தொடை எக்ஸ்-ரே தேவை.

டெனோசுமாப் 60 மி.கி., ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலடி ஊசி. முன்பு சொன்ன ராங்க்-எல்லைப் பிடித்துவைக்கும் எதிர்ப்பொருள் இது. சரவாங்கியில் எலும்புப் பள்ளம் கூடாமல் தடுக்கவே ஜப்பானில் 2017-இல் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். மூட்டு வீக்கத்தை இது குறைக்காது, அந்தச் சுண்டெலிச் சோதனையில் பார்த்தது போலவே. இந்த ஊசியை இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. ஏழு மாதத்தைத் தாண்டினாலே அடக்கிவைத்த ஆஸ்டியோகிளாஸ்ட்கள் ஒரே நேரத்தில் எழுந்து, முதுகெலும்புகள் பல ஒன்றாக நொறுங்கலாம். நிறுத்துவதானால் உடனே ஸோலெட்ரோனிக் அமிலமோ அலென்ட்ரோனேட்டோ தொடங்க வேண்டும். ஊசி போட்ட தேதியைச் செல்பேசியில் நினைவூட்டலாக வைத்துக்கொள்ளுங்கள். செலவைத் தொடர முடியுமா என்று தொடங்கும் முன்பே யோசியுங்கள்.

ஏற்கெனவே முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கு டெரிபாராடைட் 20 மைக்ரோகிராம், தினமும் தோலடியில், வழக்கமாக இரண்டு ஆண்டுவரை. இது எலும்பைக் கட்டும் மருந்து. ஸ்டீராய்டால் வந்த எலும்புப்புரையில் அலென்ட்ரோனேட்டைவிட நன்றாக வேலை செய்வதை ஆய்வு காட்டியிருக்கிறது. ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல.

நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் கஷாயம் குடிக்கலாமா?

இந்த நோயில் எதிர்ப்பு சக்தி குறைவாக இல்லை, தவறான திசையில் வேலை செய்கிறது. சீந்தில் கொடியைத் தொடர்ந்து எடுத்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைச் சோதிக்கும் மருந்து, இரண்டையும் சேர்க்காதீர்கள்.

தடுப்பூசி?

இன்ஃப்ளுயன்ஸா ஆண்டுதோறும், நிமோகாக்கல், ஹெப்படைடிஸ்-பி, உயிரற்ற வகை அக்கி ஊசி எல்லாம் போடலாம், போட வேண்டும். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைப் பயாலஜிக் எடுக்கும்போது தவிர்க்க வேண்டும்.

குழந்தை பெற நினைக்கிறோம்.

கருவுறுவதற்கு முன்பே சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்தது ஒன்று முதல் மூன்று மாதம் முன்பு நிறுத்த வேண்டும். சரவாங்கிக்கான இன்னொரு மருந்தான லெஃப்லுனமைட் உடலில் நெடுங்காலம் தங்குவதால் அதை வெளியேற்றத் தனிச் சிகிச்சை தேவை. சரவாங்கிக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் தொடரலாம்.

நோய் எதிர்ப்பு மண்டலத்தையே புதிதாகத் தொடங்கவைக்க முடியுமா?

எர்லாங்கனில் அதற்கான முயற்சி நடக்கிறது. நோயாளியின் டி-செல்களை எடுத்து, பி-செல்களைத் தேடி அழிக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையை, முதலில் கடுமையான லூபஸ் (எதிர்ப்பு சக்தி உடலின் பல உறுப்புகளையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். 2024-இல் வெளியான அறிக்கையில் இருந்த 15 பேரில் 8 பேர் லூபஸ் நோயாளிகள், மற்றவர்கள் தசையழற்சியும் தோல் இறுகும் நோயும் உள்ளவர்கள். லூபஸ் நோயாளிகள் எல்லோருக்கும் நோய் அடங்கியது. 15 பேரும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மற்ற மருந்துகளை நிறுத்த முடிந்தது. சில மாதங்களில் பி-செல்கள் மீண்டும் தோன்றியும் நோய் திரும்பவில்லை. சிறிய குழு, குறுகிய காலம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். சரவாங்கிக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை அல்ல.

எதற்கெல்லாம் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலோடு வலித்தால் அது சரவாங்கி கூடியதல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். ஊசியால் நீரெடுத்துப் பரிசோதிக்கும் முன் ஸ்டீராய்டு ஊசி போடவிடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும்போது வாய்ப்புண்ணோடு காய்ச்சல், அல்லது வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல். குனிந்து வாளியைத் தூக்கியதும் நடுமுதுகில் பளிச்சென்று வந்து விடாத வலி. கழுத்தை அசைத்தால் கைகால்களில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கை மரத்துப்போவது, நடை தடுமாறுவது. நீண்டநாள் சரவாங்கியில் கழுத்தின் மேல் எலும்புகள் நழுவியிருக்கலாம். இவர்களுக்குக் கழுத்தை நெட்டி முறிப்பதோ, முடிதிருத்தும் இடத்தில் கழுத்தைத் திருகவிடுவதோ கூடாது. வேறு எந்த அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுப்பதானாலும், முன்பாகக் கழுத்து எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லி மயக்க மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.